லேசரில் விழுந்த கோடுகள்

6 நவம்பர் 1967

மாட்டுங்காவில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றேன். செம்பூர் லேபுக்குள் நுழைந்ததுமே திட்டு. கண்ணாடிக்கு மெல்லிய பூச்சுப் பூசுகிற டெம்பரரி ஆள் நயினார். அவர் கோட்டிங் போட்ட சிவப்பு ஃபில்டர்களைச் சாதாரண விளக்கில் சோதித்துப் பாஸ் போட்டவன் நான். புதிதாக வந்திருக்கும் லேசரில் வைத்தால் எல்லாவற்றிலும் கறுப்புக் கோடுகள்.

"என்ன வானமாமலை, இதைத்தான் சோதிச்சீங்களா?" என்றார் ஆபீசர் பிரம்மநாயகம். நாலு பேர் முன்னால்.

கோட்டிங்குக்கு முன் நயினார் கண்ணாடியில் மூச்சு விட்டுப் பார்ப்பார். பனி ஒரே சீராகப் படிந்தால் சுத்தம். எல்லா லேபிலும் வழக்கம்தான். ஆனால் அவர் வெற்றிலை போடுகிறவர். "வாய்ப் பசை பட்டிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

7 நவம்பர்

நயினார் வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். "வெத்தலய விட்டுட்டேன் சார். ஆறு வருசமா டெம்பரரி. இந்த லிஸ்ட்லயாவது பெர்மனன்ட் ஆவணும்லா" என்றார். ம்ம் என்றேன்.

9 நவம்பர்

பெட்டியிலிருந்து கோட்டிங்கே போடாத வெறும் கண்ணாடி ஒன்றை எடுத்து லேசரில் வைத்தேன். அதிலும் கோடுகள்! கையால் சூடாக்கினால் நகர்கின்றன.

குறை நயினார் வாயில் இல்லை. கோட்டிங்கிலும் இல்லை. கோட்டிங் ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எந்த விளக்கின் ஒளியும் ஒழுங்கு தப்பாது; அதில் குறை இருந்தால் சாதாரண விளக்கிலேயே தெரிந்திருக்கும். கண்ணாடியோ இரண்டு மில்லிமீட்டர். விளக்கொளி அதன் பின்முகம் வரை போய்த் திரும்புவதற்குள் அலைகளின் ஒழுங்கு குலைந்துவிடும், கோடு விழ வழியில்லை. லேசர் ஒளிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. முன்முகத்தில் பட்டுத் திரும்பியதும் பின்முகத்தில் பட்டுத் திரும்பியதும் ஒன்றாகச் சேர்ந்து கோடு போடுகின்றன. இரண்டும் சேராதபடி பின்முகத்தைச் சாய்வாகத் தேய்த்த கண்ணாடி கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

10 நவம்பர்

சொல்லவில்லை.

13 நவம்பர்

அதே லிஸ்டில் என் புரமோஷனும் இருக்கிறது. இப்போது போய் என் ரிப்போர்ட் தப்பு என்றால்? — சீ, என்ன மனுஷன் நான்.

16 நவம்பர்

லிஸ்ட் போய்விட்டது. என் பெயர் இருக்கிறது. நயினார் பெயரை அடித்திருக்கிறார்கள். காரணம் என்று என் ரிப்போர்ட் நம்பர். நானே பார்த்தேன்.

21 நவம்பர்

தாங்கமுடியாமல் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். வெறும் கண்ணாடியை வைத்துக் காட்டினேன். "எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்றார். நேற்று என்று வாயில் வந்துவிட்டது. "பேஷ்! உங்க பேர்லயே ஒரு நோட் எழுதுங்க" என்று தோளில் தட்டினார். நயினார் விஷயம்? "லிஸ்ட் போயாச்சே ஐயா. இனி அடுத்த வருஷம் பார்ப்போம்."

அயோக்கியத்தனத்துக்கு ஷொட்டு.

22 நவம்பர்

சாயங்காலம் தாராவிக்கு நயினார் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் பேராச்சி பாயை உதறிப் போட்டாள். தப்பு உங்களுடையது இல்லை என்று சொன்னேன். அவரிடமும் அதே பொய், முந்தாநாள்தான் தெரிந்ததென்று. மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்ச ஒடனே வீடு தேடி வந்து சொல்லுதீயளே சார், இது யாருக்கு வரும்?"

செத்துப்போகலாம்போல் இருந்தது.

24 நவம்பர்

நோட்டில் முதலில் பார்த்த தேதியை எழுத வேண்டும். ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் இரண்டு தடவை படித்தார். "லிஸ்ட் பதினாறாம் தேதிதானே போச்சு?"

"ஆமாம் சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தோளில் தட்டவில்லை. என் புரமோஷனையும் நிறுத்திவைக்க எழுதுவாராம். எழுதட்டும்.

அங்கிருந்து நேரே தாராவி. வாசலில் நின்றபடியே நயினாரிடம் உண்மையான தேதியைச் சொன்னேன். கோபப்படுவார், ரெண்டு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். ஒன்பதிலிருந்து லிஸ்ட் போன பதினாறு வரை விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"ஏழு நாளு" என்றார். "அந்த ஏழு நாளும் எங்கூட உக்காந்துதான சார் சோறு தின்னீய?"

ஆமாம். தினமும்.