அந்தியேட்டி அன்று ஈரமாயிருந்த பூட்ஸ்

என் ஆசை அப்பாவுக்கு,

எங்கள் சைக்ளோகுறொஸ் சீசன் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் புரட்டாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் வால்தம்ஸ்டோ வீட்டு ஜன்னலடியில் நின்று, "இந்த முறை சேறு நல்லாய் இருக்கும் போலை கிடக்கு, தம்பி" என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். லண்டன் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே யாழ்ப்பாணத்து மனிதர் நீங்கள்தான்.

சைக்ளோகுறொஸ் என்றால் என்னவென்று உங்கள் அக்காவுக்கு விளங்கப்படுத்த நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? "சேத்துக்குள்ளை சைக்கிள் ஓடுறது, அக்கா. ஓட ஏலாத மேட்டிலை இறங்கி, சைக்கிளைத் தோளிலை போட்டுக்கொண்டு ஓடுறது." பெரிய மாமி உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப சைக்கிள் என்னத்துக்கு?" என்றார். எனக்கும் இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது.

சிரிப்புக் கதையோடு நிறுத்திவிடத்தான் ஆசை. ஆனால் வெட்கம் விடுகிறதில்லை அப்பா. நீங்கள் செத்த துடக்கு, அந்த முப்பத்தொரு நாள் தீட்டு, கழியமுன்னரே நான் சைக்கிள் போட்டி ஓடப் போனேன். அம்மா மனோர் பார்க் கோயில் பக்கம்கூடப் போகாமல் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஷிப்ட் என்று பொய் சொல்லிவிட்டு, சைக்கிளைக் கூட்டாளியின் வான் வண்டியில் ஏற்றினேன். துக்கம் தாங்காமல் ஓடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதில்லை. ஓட ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் ஓட்டத்தில் மேட்டடியில் சறுக்கி விழுந்தேன். அடுத்ததில் சில்லு முழுக்கச் சேறும் புல்லும் அடைத்து, உருளவே மறுத்தது. மற்றவர்களுக்கு வேறு சைக்கிள் நீட்ட ஆள் நின்றது. நீங்கள் சேறு தட்டப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு நிற்கும் மூலையில் யாருமில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன்.

பாதையை முதலில் நடந்து பார்க்க வேண்டும் என்று சொல்லித்தந்த நீங்கள், அதற்கென்றே ரப்பர் பூட்ஸ் வைத்திருந்தீர்களே, அதைத்தான் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போனேன். வந்ததும் கழுவிப் பின்கதவடியில் வைத்துவிடுவேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் நாள் சனிக்கிழமையும் ஓட்டம். சைக்கிளைக் கழுவினேன், என்னைக் கழுவினேன். பூட்ஸை மறந்துவிட்டேன். ஐயருக்குத் தானம் கொடுக்கச் செருப்பு வாங்கி வரும்படி அம்மா சொன்னதையும் மறந்துவிட்டேன்.

மறுநாள் ஐயர் தானத்துக்கு வைத்த குடையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "பாதரட்சை எங்கை?" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஒரு கடையும் இன்னும் திறந்திருக்காது. அம்மாதான் எழுந்தார். "அவரின்ரை பூட்ஸ் இருக்கு. போன மாரிக்குத்தான் வாங்கினவர். நானே கழுவித் துடைச்சு வைச்சனான். ஐயாவுக்குக் குளிருக்கு உதவும்."

கொண்டுவந்தார். குதியில் ஈரச்சேறு, ஓரத்தில் பச்சைப் புல்.

"இறந்தவன்ரை சப்பாத்திலை ஈரச்சேறோ? ஆர் போட்டது?" என்று மாமி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"நான்தான் மச்சாள். குப்பை வாளி வைக்கப் போகேக்கை" என்றார் அம்மா.

"முப்பத்தொண்டு முடியமுன்னம் புருஷன்ரை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு திரியிறியோ? உனக்கு மனம் எப்பிடி வந்தது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். செருப்பைப் பிறகு வாங்கித் தரலாம் என்று ஐயர் கிரியையைத் தொடர்ந்தார். நானும் அவர் சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தேன், நல்ல பிள்ளையாக. அம்மாவின் கால் அந்தப் பூட்ஸுக்குள் பாதிதான் நிற்கும். அது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? எனக்குத் தோன்றியது. அப்போதும் பேசவில்லை.

எல்லோரும் போனபின் அம்மா குசினிக் குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "அம்மா, நேற்று நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்." திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தினையாம் ஆளாய் வந்தனீ?"

"கடைசி."

"கொப்பர் பிரஷ்ஷோடை நிண்டிருந்தால் கடைசியாய் வந்திருக்கமாட்டாய்" என்றவர், குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது மாமி ஊரெல்லாம் டெலிபோனில் கதைக்கிறார். தம்பி செத்து மாதம் முடியமுன்னரே அவன் சப்பாத்தைக் கொழுவினாளாம், பெண்சாதிக்குத் துக்கமே இல்லையாம். அம்மா டெலிபோன் மணி அடித்தால் எடுப்பதில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சேற்றைக் கண்டதும் என்னைத்தானே முதலில் பார்த்திருப்பீர்கள், அப்பா?

வருகிற ஞாயிறு ஸ்ட்ரெதமில் மாமி வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். அன்றைக்கும் ஓட்டம் இருக்கிறது. போகமாட்டேன். அம்மா கழுவிவைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாமியின் வெள்ளைக் கார்ப்பெட்டில் ஏறி நிற்பேன். அது என் காலுக்கு அச்சொட்டாகப் பொருந்துவதை எல்லோரும் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால், மேட்டடியில் நின்று "தூக்கடா, தூக்கு!" என்று கத்துவீர்களே, அப்படி ஒருதரம் கத்துங்கள். சொல்லிவிடுவேன்.

உங்கள் பூட்ஸைக் கேளாமல் எடுத்த
மூத்த மகன்