வாசலில் கட்டிய பினாயில் துணி

இன்று காலை என் வீட்டுக்காரர் ஒரு போத்தல் பினாயிலோடு வந்தார். நாளை அவர் வேலை செய்யும் கந்தோரின் பெரியவர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறாராம். "எல்லா இடமும் ஊத்திக் கழுவும். வாறவை மூக்கைச் சுளிக்கக் கூடாது" என்றவர், மூடியைத் தானே திறந்தும் வைத்தார். அந்த மணம் எழுந்ததுதான் தாமதம், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல்களைத் திறந்தேன். அரிசி களையப் போய், பாதியில் விட்டுவிட்டு வந்து திறந்த ஜன்னலையே மறுபடியும் திறக்கப் பார்த்தேன். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் போன ரயிலோடு கூடச் சண்டை பிடிக்கலாம் போலிருந்தது. கடைசியில் கடதாசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனவளுக்குக் கடிதம் எழுதுகிறாள், பைத்தியம் என்று நீ சிரிப்பாய். சிரி.

கொட்டாஞ்சேனையில் நாம் பங்கு போட்டுக் குடியிருந்த அந்தப் பழைய வீட்டை நினைத்துக்கொள்கிறேன். முன்பாதி எங்களுக்கு, பின்பாதி உனக்கும் உன் கணவருக்கும், நடு ஹோல் பொது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய தடித்த சுவர்கள் மழை முழுவதையும் குடித்துவிட்டு மாதக்கணக்கில் ஈரமாக நிற்கும். தெருவில் காய்ச்சல் பரவியதும் சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வரத் தொடங்கினார். அந்தப் பயத்தில் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை தோறும் ஹோலில் பினாயிலை ஊற்றுவார். சனிக்கிழமை பின்னேரமே உனக்கு இழுப்புத் தொடங்கிவிடும். பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் நீ மூச்சுக்குப் படும் பாடு எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடியும் நடப்பேன்.

இழுப்புக்குக் காரணம் பனி என்றார்கள், நண்டுக்கறி என்றார்கள். நீதான் கண்டுபிடித்தாய். "எடி, கோயிலிலை பூசைக்கு முழங்காலிலை நிண்டா எனக்கு மூச்சு நல்லா வருது. வீட்டுக்குள்ளை காலை வச்சாப் போகுது. மாதாவிலை பிழையில்லை, உன்ரை மனுசனிலைதான் பிழை" என்றாய். அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாய். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்றோடு பினாயிலை நிறுத்தினோம். சாக்கடைக் கானுக்குக் கொதிநீர். பாத்திரத்துக்கும் கழுவுதொட்டிக்கும் அடுப்புச் சாம்பல். சுவர்களில் பூத்திருந்த பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம். சிவப்புச் சீமெந்துத் தரையில் ஆளுக்கொரு தேங்காய்ப் பொச்சைக் காலுக்குக் கீழே வைத்துத் தேய்த்தபடி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோல் முழுக்க ஆடினோம். நீ விட்டாயா? கறை போகவில்லை என்று தேசிக்காயை வெட்டித் தரையில் தேய்த்தாய். எலுமிச்சைப் புளி பட்ட இடமெல்லாம் வெளிறித் தேமல் விழுந்துவிட்டது. அதன்மேல் பாயை விரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் பாட்டுப் படித்தாய். ஆனால் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதியைக் கேட்டபடி நான் அழுதேன். அதை உனக்குச் சொல்லவில்லை.

பிறகு வந்தது வில்லங்கம். எதிர்வீட்டில் பினாயில் மணம் இல்லை என்பதற்காகவே அசுத்தம் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனாராம். எங்களுக்கும் அப்படி எழுதினால் வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு குடும்பத்தையும் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார். "ஊத்தத்தான் வேணும்" என்று என் வீட்டுக்காரர் போத்தலைத் தேட, நீ பின்னறை வாசலில் நின்று சொன்னாய்: "சுத்தம் கண்ணுக்கு, பினாயில் மூக்குக்கு. அந்த மனுசனுக்கு மூக்கு மட்டுந்தான் வேலை செய்யுது. ஒரு துணியை நனைச்சு வெளியிலை கேற்றிலை கட்டுங்கோ."

நான்தான் கட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்தார். கேற்றடியில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். "பொஹொம ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சிவிட்டு, ஹோலை எட்டிக்கூடப் பாராமல் அடுத்த வீட்டுக்குப் போனார். நாள் முழுக்கத் தேய்த்து மினுக்கிய தரையை அவர் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். அவ்வளவு சிரித்தும் இழுப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதாமல் எழுந்துவிடத்தான் பார்க்கிறேன். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு உன்னைக் கொண்டுபோனார்கள். பினாயில்தான் உன்னைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் வந்தபோது வார்ட் தரையெல்லாம் அந்த வெள்ளைத் தண்ணீர். துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இந்தக் கட்டிலடியிலை மட்டும் வெறுந்தண்ணியாலை துடையுங்கோ, பிள்ளை" என்று கெஞ்சினேன். "மேலிடத்து ஓடர், அம்மா" என்றாள். அவளோடு சண்டைக்குப் போன என் சேலைத் தலைப்பை நீ பிடித்து இழுத்தாய். "விடடி. இது எல்லாரின்ரையும் வீடு" என்றாய். மூச்சு எடுத்துக்கொண்டு, "உன்ரை வீட்டிலை வாசலிலை கட்டு" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை.

எழுதி முடிப்பதற்குள் நான்கு தரம் எழுந்துவிட்டேன். கடைசித் தரம் எழுந்தபோது ஒரு பழந்துணியை நனைத்துக் கேற்றில் கட்டினேன். போத்தலை மதிலுக்கு வெளியே வைத்தேன். தரைக்குக் கொதிநீரும் பொச்சும்தான். தேசிக்காயைத் தரைப் பக்கம் விடவில்லை, பயப்படாதே. இவர் பார்த்துவிட்டு, "இஞ்சை ஆருக்கு இழுப்பு?" என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றேன். அவர் தானே போய், துணியின் முடிச்சை இறுக்கிவிட்டு வந்தார்.