பெரட்டுக்களத்தில் நிற்கும் நாற்பத்து மூன்று வீடுகள்

அனுப்புநர்:
வை. சுதர்ஷினி,
புவியியல் ஆசிரியை,
வில்டன்மோர் தோட்டம், மேற்பிரிவு,
தலவாக்கலை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மண்சரிவு இணைய வரைபடப் பிரிவு,
ஹட்டன்.

விடயம்: மேற்பிரிவு லயங்கள் உங்கள் இணைய வரைபடத்தில் தவறான இடத்தில் காட்டப்படுவதும், அதனால் ஓர் உயிர் போனதும், திருமதி அ. நாகலெட்சுமி தங்குமிடத்திலிருந்து வெளியேற்றப்படவிருப்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு உங்கள் பிரிவு திறந்துவைத்த மண்சரிவு வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. ஆபத்தான சரிவில் இருந்தால் அது சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கடும் மழை வரும்போது சிவப்புப் புள்ளிக் குடும்பங்களுக்குக் கைபேசியில் எச்சரிக்கை போகும். எங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்க இடமும் கிடைக்கும். ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்ததும் இந்தத் துறைதான் என்பதால், பிழை எங்கே நேர்ந்தது என்று தேடிப் பார்க்க முடிந்தது.

2. இந்த வரைபடத்துக்கென்று யாரும் புதிதாக அளக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கழிப்பறைத் திட்டம் ஒன்றுக்காகத் தொகுத்த தரவுத்தளம் வேறோர் அலுவலகத்தில் இருந்தது. அதை அப்படியே உங்கள் இணையத் தளத்துடன் இணைத்துவிட்டீர்கள். அந்தத் தரவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. யாரிடமும் கேட்டதாகவும் தெரியவில்லை. நிற்கும் இடத்தைக் குறிக்கும் கருவியோடு வந்தவர்கள் அன்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறவில்லை. காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் களத்தில், வேலைக்குப் பேர் பதியும் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே குடும்பம் குடும்பமாகப் பதிந்தார்கள். அப்படிச் செய்யும்படி கேட்டுக்கொண்டது எங்கள் ஆட்களே. லயத்தில் காத்திருந்தால் அரைநாள் வேலை போய்விடும். ஆகவே நாற்பத்து மூன்று குடும்பங்களும் பெரட்டுக்களத்தில் குடியிருப்பதாகப் பதிவாயின. எத்தனை கழிப்பறை வேண்டும் என்று எண்ணுவதற்கு அது போதும். எந்த வீட்டின் மேல் மலை விழும் என்று சொல்லப் போதாது.

3. களம் சமதரையில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லயங்கள் வெகு மேலே, வெட்டிய சரிவின் அடியில் இருக்கின்றன. இணைப்பு வேலை செய்கிறதா என்று உங்கள் அலுவலர்கள் கட்டாயம் சோதித்திருப்பார்கள். திரையில் புள்ளி வந்திருக்கும், திருப்தியடைந்திருப்பார்கள். நாற்பத்து மூன்று புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து ஒரே பச்சைப் புள்ளியாகத் தெரிவதை யாரும் கவனிக்கவில்லை. லயங்கள் நிற்கும் இடம் உங்கள் வரைபடத்தில் வெறும் தேயிலை. வீட்டு இலக்கத்தைக் கொண்டு சரிபார்க்கவும் வழியில்லை. எங்களுக்கு வீட்டு இலக்கமே இல்லை; தபால் முழுவதும் தோட்ட ஆபிசுக்குத்தான் வருகிறது.

4. ஜூன் மாத மழையில், கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியும் அவருடைய கணவர் அழகுமுத்துவும் இரண்டு மகள்மாரும் பாய் தலையணையோடு பாடசாலைக்கு வந்தார்கள். வாசலில் கடமையிலிருந்த அலுவலர் திரு. ஜனார்த்தனன் கைபேசியைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒங்க வீடு பச்சையில இருக்கு. செவப்புல உள்ளவங்களுக்கே எடம் பத்தல. போங்க" என்றார். அழகுமுத்து திரையை எட்டிப் பார்த்தார். "சார், இது பெரட்டுக்களங்க. நாங்க என்ன அங்கயா படுத்திருக்கோம், காயப்போட்ட சாக்கு மாதிரி?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்துவிட்டு, "அப்ப மேப்ப மாத்திட்டு வாங்க ராஜா" என்றார். நான் குறுக்கிட்டு நிலைமையை விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "டீச்சர் சொல்றது வெளங்குது. ஆனா ஸ்கிரீன்ல இல்லாத வீட்டுக்கு நான் எப்படிங்க எடம் குடுக்கிறது?" என்றார். அவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. கையில் கொடுத்ததைப் பார்த்தார்; பார்த்ததைச் சொன்னார். குடும்பம் நனைந்துகொண்டே மேலே திரும்பிப் போனது.

5. மறுநாள் காலை சரிவு இறங்கியது. முன்னறையான காம்பராவில் இருந்த தாயும் மகள்மாரும் தப்பினார்கள். பின்பக்கக் குசினியில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அழகுமுத்து மண்ணுக்குள் போனார். தோண்ட வந்த வாகனம் உங்கள் வரைபடத்தைப் பார்த்து வந்து பெரட்டுக்களத்தில் நின்றது. சாரதி இறங்கி, வீடு எங்கே என்று கேட்டார்.

6. கருமாதி முடிந்த வாரத்தில் அழகுமுத்துவின் கைபேசிக்கு உங்கள் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 'உங்கள் குடியிருப்பு பாதுகாப்பான வலயத்தில் உள்ளது. அமைதி காக்கவும்.' நாகலெட்சுமி அதை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இது அவருக்கு வந்ததுங்க டீச்சர். நான் என்னான்னு பதில் போடுறது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.

7. திருத்தும்படி கேட்டேன். தரவுத்தளம் தங்களுடையதல்ல, தாங்கள் காட்டுவது மட்டுமே என்று உங்கள் பிரிவு சொன்னது. வரைபடம் தங்களுடையதல்ல, கழிப்பறைத் திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்று மற்ற அலுவலகம் சொன்னது. இரண்டும் உண்மையான பதில்கள். இவற்றுக்கு நடுவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கடைசியில், மறுபதிவு நடக்கும் என்று சென்ற வாரம் அறிவித்தல் ஒட்டினீர்கள். தொழிலாளர்களின் வசதியை முன்னிட்டு அனைவரும் காலையில் பெரட்டுக்களத்துக்கு வரவேண்டுமாம்.

8. ஆகவே நான் வேண்டுவது: பதிவு செய்ய வருகிறவர்கள் கருவியை எடுத்துக்கொண்டு லயம் வரை ஏறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று பதியவேண்டும். அவர்கள் வரும் நாளில் யாருடைய நாட்சம்பளமும் வெட்டப்படாது என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து முன்கூட்டியே எழுத்தில் பெறவேண்டும்; இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் மீண்டும் களத்துக்குத்தான் வருவார்கள். அதுவரை அந்தப் பச்சைப் புள்ளியை அழித்துவிடுங்கள். வெற்றிடமாக இருந்தால் இங்கே யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்கக்கூடும். பச்சை இருக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை.

9. அவசரமானது இதுதான். அழகுமுத்து இறந்த பிறகு, அனுதாபத்தின் பேரில் நாகலெட்சுமிக்கும் மகள்மாருக்கும் மண்டபத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். இப்போது, பச்சைப் புள்ளியில் வீடு உள்ளவர் என்பதால், வரும் வெள்ளிக்கிழமை அவர் வெளியேற வேண்டும் என்று உங்கள் பிரிவின் கடிதம் வந்திருக்கிறது. அதில் குடும்ப அங்கத்தவர் தொகை நான்கு என்று இருக்கிறது. மழை இன்னும் விடவில்லை. அந்தக் கடிதத்தை வியாழக்கிழமைக்குள் ரத்துச் செய்யுங்கள். முடியாதென்றால், நீங்களே வந்து அவருடைய வீட்டை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அங்கே மீதமிருப்பது ஒரு காம்பரா. அதற்குப் பின்சுவர் இல்லை.

உங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
வை. சுதர்ஷினி

இடம்: தலவாக்கலை
திகதி: 14.07.2025