சீனக்குடா ஓடுபாதையை வரைந்த கொப்பி

இன்று காலை கைத்தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் சூடான கோலை ஈயத்தில் வைத்ததும் பிசின் கருகிய புகை எழும்பியது. அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். "அம்மா, தண்ணி ஏதும் குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். உங்கள் சட்டைகளில் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாமல் இருந்த மணம் அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பாலையூற்றில் நாங்கள் கலியாணம் முடித்துக் குடியிருந்த காலம். நீங்கள் பட்டணத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். லண்டனில் இருந்த உங்கள் தம்பி ஒரு சின்னக் கணினி அனுப்பியிருந்தான். ரப்பர் பொத்தான்கள், கொப்பி அளவு உடம்பு, திரைக்கு எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அதோடு வந்த சஞ்சிகையில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றின் நிரல், பக்கம் பக்கமாக எண்களாய் அச்சாகியிருந்தது. ஆனால் அது வேறு வகைக் கணினிக்கு எழுதியது.

"இது எங்கட மெசினில ஓடாது," என்றீர்கள். மூன்றாம் நாள், "ஓடாட்டி ஓட வைக்கவேண்டியதுதானே. நான் பிளேனில ஏறினதே இல்லை. இனி ஏறுவனெண்டும் தெரியேல்ல," என்றீர்கள்.

ஊரடங்கு போட்ட நாட்களில் கடையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. சுடுபட்டவர்களின் பெயர்கள் வேலிக்கு மேலால் வரும். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு மேசையில் இருந்தோம். மின்சாரம் நின்றால் கார் பற்றரியில் இணைப்பீர்கள். சஞ்சிகை சொன்ன கணினியின் மூளை ஒரு பாஷை பேசியது, எங்கள் கணினியின் மூளை இன்னொன்று பேசியது. ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, எங்கள் கணினிக்கு விளங்குகிறபடி நீங்கள் மாற்றி எழுதினீர்கள். நினைவகம் போதாமல், இருந்த ஒலிகளையும் மேகங்களையும் வெட்டி எறிந்தீர்கள்.

முதல் தரம் ஓட்டியபோது அடிவானத்துக் கோட்டைக் கீறி முடிக்க அது எடுத்த நேரத்தில் நான் குசினிக்குப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு தரமும் கோட்டின் சரிவுக்கு வேண்டிய சைன் கணக்கைப் புதிதாகச் செய்துகொண்டிருந்ததுதான் காரணம். "கணக்கை முன்னமே செய்து அடுக்கி வைச்சா அது பாத்து எடுக்கும்தானே," என்று நான் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை! அன்றே கணக்குக்கென்று ஒரு புதுக் கொப்பி என் கைக்கு வந்தது. தொண்ணூறு பாகைக்கும் பெறுமானங்களை மடக்கை வாய்பாட்டுப் புத்தகத்தில் பார்த்து, பெருக்கி, முழு எண்ணாக்கி, நிரை நிரையாக எழுதினேன்.

நான் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கத்தினீர்கள். "இஞ்ச வாரும், கெதியா வாரும்! வானம் சரியுது!"

ஓடி வந்து பார்த்தேன். கோடு சரிந்தது, நிமிர்ந்தது, மற்றப் பக்கம் சரிந்தது. அவ்வளவுதான். இருவரும் சிரித்தோம். அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் சிரித்த வீடு அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் நிறுத்தவில்லை. சஞ்சிகையில் இருந்தது எங்கோ ஒரு தேசத்து விமான நிலையம். "ஏன் ஆரின்ரயோ ஊர்? எங்கட துறைமுகத்தைப் போடுவம்," என்றேன். பள்ளிக்கூட நிலப்படத்தைப் பார்த்து குடாவின் வாயையும் கரையையும், விமானப்படை இருந்த சீனக்குடா ஓடுபாதையையும் கொப்பியில் கீறினேன். ஓடுபாதையின் திசை, இறங்கும்போது எந்தத் தூரத்தில் எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் எண்ணாக எழுதினேன். நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "வேண்டாமப்பா, பாக்கிறவைக்கு இது விளையாட்டெண்டு விளங்காது," என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் கணினியில் ஏற்றினீர்கள்.

அடுத்த கிழமை பக்கத்து ஒழுங்கையில் வீடுகள் எரிந்தன. தம்பலகாமத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருப்போம் என்று உடுப்பு அடுக்கினோம். கணினியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள்.

"கொப்பியையும் விட்டிட்டு வாரும்."

"வீடு எரிஞ்சா இவ்வளவு மாதக் கணக்கும் போயிடும். திருப்பிச் செய்ய என்னால ஏலாது," என்று சொல்லி அதைச் சேலைக்குள் சுற்றி வைத்தேன்.

கண்டி வீதியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பையைக் கொட்டினார்கள். சேலை விரிந்து கொப்பி விழுந்தது. சீருடைக்காரர் ஒருவர் அதை எடுத்துப் புரட்டினார். துறைமுகப் படம் வந்த பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. மற்றவரைக் கூப்பிட்டார். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு விளங்கியது. முழுவதும் என் கையெழுத்து.

நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்து, சிங்களத்திலேயே, "என்னுடையது," என்றீர்கள்.

விளையாட்டு என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தீர்கள். அவர்கள் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பி, "நீர் அக்கா வீட்டை போம். நான் பின்னேரம் வந்திடுவன். பயப்பிடாதேயும்," என்றீர்கள்.

பின்னேரம் வந்தது. நீங்கள் வரவில்லை.

மறுநாள் விடிய அத்தானைக் கூட்டிக்கொண்டு பாலையூற்றுக்குப் போய் அலுமாரியை உடைத்தேன். கணினி, தொலைக்காட்சி, விளையாட்டைப் பதிந்து வைத்த ஒலிநாடா, அதை ஓட்டும் நாடாக்கருவி எல்லாவற்றையும் அத்தானின் ட்ரக்டரில் ஏற்றி இராணுவ முகாம் வாசலுக்குக் கொண்டுபோனோம். அரை நாள் நின்ற பிறகு இளம் அதிகாரி ஒருவர் வந்தார். விளையாட்டுத்தான் என்று காட்டவேண்டும் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். காவல் கொட்டிலுக்குள் மின்சாரம் தந்தார்கள். ஒலிநாடா கீச்சிட்டு ஓடிய அந்த ஐந்து நிமிடமும், இடையில் பிசகிவிடக் கூடாதே என்று கோணேசரைக் கும்பிட்டபடி நின்றேன். பிசகவில்லை. திரையில் ஓடுபாதை வந்தது.

அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லச் சொல்ல அழுத்தினார். விமானம் எழும்பியது. குடாவுக்கு மேலால் போனது. அவருடைய முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. திரும்பத் தெரியாமல் கடலில் விழுத்திவிட்டு, இன்னொரு தரம் ஓட்டினார்.

பிறகு எழும்பி, "நல்ல விளையாட்டு," என்றார். "ஆனால் நீங்கள் சொல்லும் ஆள் இங்கே இல்லை."

"நேற்றுப் பிடித்தீர்கள். கொப்பியோடு. அந்தக் கொப்பி என்னுடையது. அவருடையது இல்லை. எழுதிக் காட்டுகிறேன், கையெழுத்தை ஒத்துப் பாருங்கள்," என்றேன்.

"எந்தக் கொப்பி?" என்று கேட்டார்.

கணினியையும் திருப்பித் தரவில்லை. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்து ட்ரக்டரில் ஏற்றினார்.

அதன் பிறகு எத்தனை வாசல்கள், எத்தனை விசாரணைகள், எத்தனை படிவங்கள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை படிப்பித்தேன். அக்காவும் அத்தானும் காலமாகிவிட்டார்கள். இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

விசாரணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைசியாக அவர் என்ன சொன்னார்? பின்னேரம் வந்திடுவன் என்றார், பயப்பிடாதேயும் என்றார் என்று சொல்வேன். எழுதிக்கொள்வார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஜீப் வளைவில் மறையும்வரைக்கும் நேரம் இருந்தது. என்னுடையது என்று கூப்பிட்டுச் சொல்ல ஒரு சொல் போதும். அதை மறுநாள்தான் சொன்னேன், கேட்க நீங்கள் இல்லாத இடத்தில். உங்களிடம் இன்றுதான் சொல்கிறேன்.