மிச்சமிருந்த ஊசி

கிரைஃப்ஸ்வால்ட், ஜெர்மனி,
அக்டோபர் மாதம், ஞாயிறு

அன்பு மகள் வீப்கேவுக்கு,

அம்மா எழுதுவது. சிலியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பா மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார், கோலூன்றித் தோட்டம் வரை நடக்கிறார், இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், அதற்கும், இனிமே காலுறையில சீக்கிரம் ஓட்டை விழாது என்று கேலி பேசுகிறார்.

யாரையும் கேக்காம நீங்களே ஊசி போட்டுக்கிட்டு என் கல்யாணத்துக்கு வராமப் போயிட்டீங்களே என்று போனில் அவரைத் திட்டினாயே, அந்த ஊசியைப் போட்டது நான்தான். கோடையில் அப்பாவின் முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போட்டுக்கொள்ளக் கொடுத்த ஊசிகள் மிச்சமிருந்தன, மருந்தைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது, உனக்குத் தெரியும். சிலிக்கு விமானத்தில் அத்தனை நேரம் உட்காரவேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது பக்கத்து வீட்டு கெர்டா, நாங்க மயோர்க்கா தீவுக்குப் போறப்ப மிச்ச ஊசியத்தானே போட்டுக்கிட்டோம், காலே வீங்கலடி என்றாள். டாக்டரை ஒரு வார்த்தை கேளேன் என்று அப்பா சொல்லத்தான் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் கிளினிக்கெல்லாம் மூடிடுவாங்களே, எந்த டாக்டர் இருப்பார், பேசாம சட்டையத் தூக்குங்க என்றேன். பெட்டியைப் பூட்டுவதற்குள் அவருக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது, சாயங்காலம் கால் சில்லிட்டு நீலம் பாரித்துவிட்டது.

முதல் தடவை போட்டபோதே அவர் உடம்பு அந்த மருந்தை எதிரி என்று நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருந்ததாம். மறுபடி மருந்து போனதும் அது ரத்தத் தட்டணுக்களைக் கிளப்பிவிட்டு, உறையாமலிருக்கப் போட்ட மருந்தாலேயே ரத்தத்தை உறையவைத்துவிட்டதாம். மூணு மாசம் போனா அந்த எதிர்ப்பு தானா மறைஞ்சிடும், இடையில போட்டதுதான் தப்பு என்றார் மருத்துவமனை டாக்டரம்மா. யார் போட்டது என்று அவர் கேட்டதும், நான் வாய் திறக்குமுன் அப்பா, நானேதான், கை சும்மா இருக்கல என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அவரைத் திட்டித் தீர்த்தார். நான் அப்பாவின் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன், வீப்கே. நீ திட்டியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். கல்யாணப் பொண்ணு, கோபம் இருக்கத்தானே செய்யும் என்று என்னிடம் சொல்லி அப்பா போனை வைத்தார். அதன் பிறகு நீ கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பியையும் கேக்கையும் அவர் இப்போது மேசைக்கு வந்து சாப்பிடுவதில்லை, போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழவேண்டும். உன் வீட்டில் மிச்ச மருந்து எதையும் வைத்துக்கொள்ளாதே. இது கிடைத்ததும் கூப்பிடு, நான் எடுத்தால் என்னை என்ன வேண்டுமானாலும் சொல், ஆனால் முதலில் அவரிடம் பேசிவிடு.

உன் அம்மா,
அன்கே