அலமாரிக்குள் ஆரஞ்சு

ஜூன் 11, புதன்
இன்றும் கரமனைப் பாலத்துப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினேன். வயிற்றில் ஏழாவது வாரம். புளிப்பு வாயில் பட்டால்தான் குமட்டல் அடங்குகிறது. ஆனால் சமையலறையில் வைக்க முடியாது. மருமகள் இப்படி ஆரஞ்சாகத் தின்பதைப் பார்த்தால் அத்தைக்கு இரண்டாவது நாளே விளங்கிவிடும். நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கள்ளக்கடத்தல்காரி மாதிரி இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி
"அம்மைகிட்ட சொல்லிரலாமே நீது," என்கிறார் அனூப். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்குகிற என் புருஷனுக்கு ஒரு ரகசியத்தைச் சுமக்க முடியவில்லை.
போன தடவை சொன்னோமே. அத்தை சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொன்னார். பத்தாவது வாரம் எல்லாம் போன பிறகு, அதே பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்னொரு தடவை என்னால ஆகாது. சத்தியமா ஆகாது. பன்னிரண்டாவது வாரம் ஸ்கேன் முடியட்டும்.

ஜூன் 19, வியாழன்
காலையில் ஆபீஸ் போகச் சேலை எடுத்தால் ஒரே நாற்றம். கவருக்குள் முத்து முத்தாக நீர், நாலு பழத்தில் பச்சைப் பூசணம். ஈரத்தோடு கட்டி வைத்தால் வேறென்ன ஆகும்? கூறு கெட்டவள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்படியே சாத்திவிட்டு ஓடினேன்.
சாயங்காலம் வந்து திறந்தால் — அழுகிய பழங்களைக் காணவில்லை. மிச்சம் ஒவ்வொன்றையும் துடைத்து, பத்திரிகைத் தாளில் பொதிந்து, மூடியில்லாத அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருந்தது. அனூப் எனக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அப்படியானால் அத்தை!
இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "மழையாக்கும் மக்களே. அலமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்து போடு. காத்து போகட்டும்."

ஜூன் 20, வெள்ளி
தெருவில் சொல்லியிருப்பாரோ?

ஜூன் 29, ஞாயிறு
இல்லை. எதிர்வீட்டுப் பிரேமா அக்கா வந்து, "நீது என்ன இப்படி வெளிறிக் கிடக்கா?" என்று கேட்டார். "ஆபீஸ்ல வேலை கூடுதலாக்கும்," என்றார் அத்தை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.
அலமாரிப் பெட்டியில் நான் வாங்காத ஆறு எலுமிச்சம்பழம் இருந்தது. உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளை அத்தைக்கும்தானே போனது. இத்தனை நாள் இதை நான் நினைத்தே பார்க்கவில்லையே, ஏன்?

ஜூலை 8, செவ்வாய்
அடிவயிற்றில் லேசான வலி. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்
துடிப்பு கேட்டது. டாக்டர் இரண்டு தடவை கேட்க வைத்தார்.
அனூப் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தார், அதனால் நான்தான் போன் போட்டேன். "அத்தே, மூணு மாசம் ஆச்சு. எல்லாம் நல்லா இருக்கு."
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு சொன்னார்: "இனி ஒளிச்சு வைக்காண்டாம் மக்களே. நீங்க ரெண்டுபேரும் படியிறங்கினதுமே பிரிட்ஜில கீழ்த்தட்டை ஒழிச்சுத் துடைச்சு வச்சிட்டேன்."