பில்லில் ஏறாத புஸ்வாணம்

தீபாவளிக்கு முந்தின வியாழன், இரவு.

வருஷா வருஷம் என் கடையில் பட்டாசு வாங்கும் இடைசெவல் கிராமத்துச் சம்சாரி இன்று வலது கையில் கட்டோடு வந்தார். போன வாரம் நான் கொசுறாகக் கொடுத்த புஸ்வாணம், பற்றவைத்ததுமே வெடித்துவிட்டதாம்.

“ஒங்க மேல குத்தமில்ல அண்ணாச்சி. நாந்தான் ரொம்பக் குனிஞ்சிட்டேன்” என்றார். குனியாமல் புஸ்வாணத்தை எப்படிப் பற்றவைப்பது?

கடையில் நெருக்கித் தள்ளும் கூட்டம். அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பு வாங்கிக்கொண்டு போனார். அதே பெட்டியில் மிச்சமிருந்த புஸ்வாணங்களைத் தண்ணீர் வாளியில் கொட்டினேன்.

விற்ற சரக்கென்றால் பில்லைப் பார்த்துப் போன் போட்டுச் சொல்லலாம். கொசுறுக்கு ஏது பில்? பழகின முகமாகப் பார்த்து நானே பையில் போட்டது. யார் யாருக்கு என்று யோசித்துக்கொண்டே கிடக்கிறேன். வேண்டாதவர் ஒருவருக்கும் அதை நான் கொடுக்கவில்லை.